ஈச்ச வெல்லம் பற்றிய மூன்று வரிகள்

தியான ஆசிரியர் ஆவதற்கு ஒரு பெரிய சோகம் வேண்டும் என்று யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் தியான மையத்தின் செயலாளர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மையத்துக்குப் புதிய இணையதளம் வருகிறது. அதில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு புகைப்படமும் ‘வாழ்க்கைப் பாதை’ என்ற தலைப்பில் ஒரு பத்தியும் இருக்கும். இருநூறு சொல்லுக்குள் எழுதி அனுப்புங்கள் என்றார். பன்னிரண்டு வருடம் சேவகியாகவும் உதவி ஆசிரியையாகவும் இருந்தவள் நான். ஜனவரியில் நடக்கும் பத்து நாள் மௌன முகாமை முதல் முறையாகத் தனியாக நடத்தப்போகிறேன் என்ற செய்தியும் அதே அஞ்சலில் இருந்தது. மாதிரிக்கு மற்ற ஆசிரியர்களின் பத்திகளை இணைத்திருந்தார்.

உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ஒருவர் வியாபாரம் நொடித்துப்போய் மலைக்குப் போனார். இன்னொருவர் மனைவியை இழந்து மலைக்குப் போனார். மூன்றாமவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, இருந்தும் மலைக்குப் போனார். எல்லாப் பத்தியிலும் நடுவில் ஓர் இருட்டு வருகிறது, அதற்குப் பிறகு ஒரு திருப்பம் வருகிறது, கடைசியில் எல்லோரும் சாந்தமாகப் புன்னகைக்கிறார்கள்.

நான் எந்த மலைக்கும் போனதில்லை. பாலிகஞ்ச் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்புகளுக்கு நடுவில் இருந்தேன். என் கணவர் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கிறார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்து, “உன் வாழ்க்கையில சோகம்னா அது நான்தான்னு எழுதேன், எனக்கொண்ணும் ஆட்சேபம் இல்ல” என்றார்.

உண்மை என்னவென்றால், நான் முதல் முகாமுக்குப் போனது சமையலுக்குப் பயந்துதான். அந்த வருடம் எனக்குப் பத்து நாள் விடுப்பு மிச்சம் இருந்தது. வீட்டில் இருந்தால் மூன்று வேளையும் இன்றைக்கு என்ன குழம்பு என்று யாராவது கேட்பார்கள். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தி, ஹவுராவைத் தாண்டி ஒரு தோட்டவீட்டில் பத்து நாள் யாரும் யாரோடும் பேசாத முகாம் நடக்கிறது, சாப்பாடு அவர்களே போடுவார்கள் என்று சொன்னாள். யாரும் கேட்கமாட்டார்கள், சாப்பாடும் போடுவார்கள். அப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறதா என்று மறுநாளே படிவத்தை நிரப்பினேன்.

போன இடத்தில் மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். கவனித்தேன். எனக்கு எவ்வளவு கோபம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மாமியார் மேல், மேலதிகாரி மேல், பதினோராம் வகுப்பில் என்னை அறிவியல் எடுக்கவிடாத அப்பா மேல். மூக்கு நுனியில் மூச்சைத் தேடினால் அங்கே கோபம்தான் நின்றுகொண்டிருந்தது. அது போய்விட்டதா என்று கேட்கிறார்கள். இல்லை. ஆனால் வரும்போது வருகிறது என்று தெரிகிறது. எனக்கு அது போதுமாக இருந்தது, அதனால் திரும்பத் திரும்பப் போனேன். பிறகு பாய் விரித்தேன், மணி அடித்தேன், வந்தவர்களின் பெயரைப் பதிந்தேன். பிறகு ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, மாணவிகள் ஒவ்வொருவராக வந்து சந்தேகம் கேட்பதைக் கேட்டேன். வெளியே இருப்பவர்கள் அங்கே ஆத்மாவைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைக்கிறார்கள். அவர்கள் கேட்பது முழங்கால் வலி, பக்கத்துக் கட்டில் குறட்டை, டீ இன்னொரு கப் கிடைக்குமா. அவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரிந்தவள்தான் நல்ல ஆசிரியை என்று இன்றும் நினைக்கிறேன். ஆசிரியர் உட்காரும் அந்த மேடை எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

அனுப்பிய மாதிரிகளில் கடைசிப் பத்தி ஒரு பெண்ணுடையது. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். கணக்கு டீச்சர் என்றே இங்கே சொல்கிறேன். அவர் எழுதியிருந்தார்: ‘என் இரண்டாம் முகாமின் நான்காம் நாள் மாலை, அசையாமல் அமர்ந்திருந்தபோது உடம்பு கரைந்தது. வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து நான் பழைய ஆள் இல்லை.’

அந்த மாலை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அங்கே இருந்தேன்.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஜனவரி அது. அந்த முகாமில் நான் பெண்கள் பக்கத்துச் சேவகி. முதல் நாள் வருகிறவர்களைப் பதியும் மேசையிலும் நான்தான். முகாமுக்கு வருகிறவர்கள் அங்கே கைப்பேசி, புத்தகம், தின்பண்டம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். தகர அலமாரியில் பூட்டி வைப்போம், பத்தாம் நாள் திருப்பிக் கொடுப்போம். கணக்கு டீச்சர் வந்ததும் படிவத்தில் பெயரைப் பார்த்து இரண்டு பேரும் தமிழுக்கு மாறினோம். நோய் ஏதும் உண்டா என்ற இடத்தில் ‘சர்க்கரை, கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று எழுதியிருந்தார். கைப்பையில் ஒரு சின்னக் கற்கண்டுப் பொட்டலம் இருந்தது.

“இது மருந்து மாதிரி தீதி. என் கையிலயே இருக்கட்டுமே” என்றார். கல்கத்தாவில் நாங்களும் வங்காளிகளைப் போல ஒருவரையொருவர் தீதி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம்.

“ரூல் ரூல்தான் தீதி. பத்து நாள்தானே, பத்திரமா வெச்சிருக்கேன்” என்று வாங்கி உள்ளே வைத்தேன். எனக்கு அன்றைக்கு ஒரு மிடுக்கு. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவள் கையில் ஒரு விதியைக் கொடுத்தால் சும்மா விடுவாளா?

எங்கள் முகாமில் நான்காம் நாளிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் கை, கால் எதையும் அசைக்காமல் உட்கார வேண்டும். அதற்கு உறுதி நேரம் என்று பெயர். முதல் முகாம்காரர்களுக்கு மாலையில் பொரியும் வாழைப்பழமும் உண்டு, இரண்டாம் முகாமிலிருந்து வெறும் எலுமிச்சை நீர்தான். கணக்கு டீச்சர் அதோடு நிற்கவில்லை. வயிறு காலியாக இருந்தால் தியானம் நன்றாக வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மதியம் கிச்சடியைப் பாதிதான் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் முழுதாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மாலை ஐந்து மணிக்கு உறுதி நேரம் முடிந்து மணி அடித்தேன். எல்லோரும் காலைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார்கள். இரண்டாம் வரிசையில் அவர் மட்டும் எழவில்லை. சிலை மாதிரி இருந்தார். முகாமை நடத்திய தலைமை ஆசிரியர் மேடையிலிருந்து இறங்கும்போது அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார். தொந்தரவு செய்யாதே என்று அர்த்தம். ஆசிரியர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் கணக்கு டீச்சரைச் சுற்றி நடந்துபோனார்கள். ஒருத்தி நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எனக்கும் பொறாமையாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக வருகிறேன், எனக்கு ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் ரவிக்கையின் முதுகு கண்ணில் பட்டது. நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜனவரி மாதம், மின்விசிறிகூட ஓடாத கூடம், நான் சால்வையில் இருக்கிறேன். கிட்டப் போனேன். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. மடியில் விரல்கள் நடுங்கின. “தீதி” என்றேன். பதில் இல்லை. தியானத்தில் இருப்பவரைத் தொடக்கூடாது என்பது இன்னொரு விதி. தொட்டேன். ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, நாக்கு குழறியது.

நான்கு நாள் பேசாத தொண்டையிலிருந்து ஒரு கத்தல் வந்தது. “குர் ஆனோ! தாடாதாடி!” என்று, வெல்லத்தைச் சீக்கிரம் கொண்டுவரச் சொல்லி, சமையல்கட்டைப் பார்த்து அலறினேன். குளிர்காலத்தில் வங்காளத்துச் சமையல்கட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் ஈச்ச வெல்லம் இருக்கும். சமையல்காரம்மா ஒரு கிண்ணத்தில் பாகாக எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கணக்கு டீச்சரைச் சாய்த்துப் படுக்கவைத்து, விழுங்கச் சொல்லாமல், வெல்லத்தை விரலால் தொட்டுத் தொட்டு அவர் ஈறிலும் கன்னத்தின் உள்ளேயும் தடவினேன். சர்க்கரை உள்ள என் அம்மாவுக்கு ஒருமுறை டாக்டர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். “கண்ணத் தெறங்க தீதி, கண்ணத் தெறங்க” என்று தமிழில் கத்திக்கொண்டே இருந்தேன்.

தலைமை ஆசிரியர் சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

அந்த விரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கணக்கு டீச்சர் கண்ணைத் திறந்தார். வாயெல்லாம் வெல்லம். என்னைப் பார்த்து முதலில் சொன்னது, “ஏன் எழுப்பினீங்க?” என்பதுதான். வற்புறுத்தி வண்டி வரவழைத்து ஹவுராவில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நினைவு முழுக்கத் தப்பியிருக்கும் என்று அங்கே இருந்த பெண் டாக்டர் சொன்னார். சொன்னவர் என்னைத்தான் முறைத்தார். சரியான ஆளைத்தான் முறைத்தார். பொட்டலத்தை வாங்கிப் பூட்டியவள் நான்தானே.

முகாம் முடிந்ததும் மௌனத்தைக் கலைத்ததற்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் தரச் சொன்னார்கள். ‘கற்கண்டை வாங்கி வைத்ததற்கு வருந்துகிறேன். கத்தியதற்கு வருந்தவில்லை. தின்பண்ட விதியில் சர்க்கரை நோயாளிகளுக்கு விலக்கு வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். கோப்பில் வைத்தார்கள். கோப்பில் வைப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் பிறகு என்னை அந்தப் பதிவு மேசையில் உட்காரவிடவில்லை. விதியும் மாறவில்லை. வருடா வருடம் கேட்டேன், வருடா வருடம் பார்க்கலாம் என்றார்கள். கணக்கு டீச்சருக்கு வந்த வெளிச்சம் மட்டும் மையம் முழுக்கப் பரவியது. நாலே வருடத்தில் அவர் ஆசிரியை ஆனார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை என்று காத்திருக்கச் சொன்னார்கள்.

என் பத்தியை ஒரே மூச்சில் எழுதினேன். சமையலுக்குப் பயந்து வந்ததை எழுதினேன், கோபத்தை எழுதினேன். கடைசியில் மூன்று வரி: ‘ஒரு முகாமில், சர்க்கரை நோய் உள்ள ஒரு பெண்ணின் கற்கண்டை விதியின் பேரில் வாங்கி வைத்தேன். நான்காம் நாள் அவர் மயங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் ஆழ்ந்த தியானம் என்று நினைத்தோம். அவர் வாயில் ஈச்ச வெல்லம் தடவியபோதுதான் நான் கவனிக்கக் கற்றுக்கொண்டேன்.’

செயலாளர் மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டார். பத்தி ரொம்ப இயல்பாக இருக்கிறது, கடைசி மூன்று வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். அதற்குப் பதிலாக வாழ்க்கையில் பட்ட வேதனை ஏதாவது இருந்தால் சேர்க்கலாமாம். “இதுதான் என் வேதனை” என்றேன். அவர் இருமினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கணக்கு டீச்சரே வீட்டுக்கு வந்தார். என் கணவர் இரண்டு பேருக்கும் காபி கலந்து கொடுத்துவிட்டு, காய்கறி வாங்கப் போவதாக நழுவினார். பை எடுக்காமல்தான் போனார்.

“நான் பொய் சொல்றேன்னு நினைக்கறீங்களா தீதி?” என்று ஆரம்பித்தார்.

“இல்ல. நீங்க வெளிச்சம் பார்த்தீங்க. நான் உங்க நாக்கப் பார்த்தேன். ரெண்டும் நடந்ததுதான்.”

“ரெண்டும் ஒரே பக்கத்துல வந்தா என்னுது கேலியாயிடும்.”

“என்னுத எடுத்துட்டா? நாளைக்கு இன்னொரு சர்க்கரைக்காரி வருவா. அவ பொட்டலத்தையும் யாராவது வாங்கிப் பூட்டுவா.”

“அதுக்கு ரூல மாத்தச் சொல்லுங்க. என் வாழ்க்கைய எதுக்கு இழுக்கறீங்க?”

“எட்டு வருஷமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னிக்கோ மாறியிருக்கும்.”

அவர் காபியைத் தொடவில்லை. “எங்க வீட்டுக்காரர் போயிட்டார். பசங்க ரெண்டும் வெளிநாடு. எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு மணி நேரம்தான் தீதி. அதப் போயி வெல்லம், சர்க்கரைன்னு...” என்று சொல்லி நிறுத்தினார். எனக்கு வலித்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அந்தப் பரிதாபத்தில் மூன்று வரியை விட்டுக்கொடுத்தால், அதுவும் உதட்டில் விரல் வைப்பதுதான். “எடுக்க மாட்டேன் தீதி” என்றேன். அவர் எழுந்தார். படியிறங்கும் முன் எனக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சோம்பு என்று நினைத்தேன்.

இணையதளம் வந்தது. அதில் நான் இல்லை. ஜனவரி முகாமைக் கணக்கு டீச்சர் நடத்துவார், எனக்கு விருப்பம் இருந்தால் பழையபடி சேவகியாக வரலாம் என்று செயலாளர் எழுதியிருந்தார். நான் வரமாட்டேன் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். முதல் நாள் காலையிலேயே லோக்கல் ரயில் பிடித்துப் போய் இறங்கினேன். பாய் விரிக்க யாருக்கும் வாழ்க்கைப் பாதை தேவையில்லை.

போனபோது பதிவு மேசை காலியாக இருந்தது. அங்கே உட்கார வேண்டிய பெண் வரத் தாமதம், வாசலில் வரிசை நீண்டுவிட்டது. யாரையும் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏழெட்டுப் பேருக்குப் பிறகு பேஹாலாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். படிவத்தில் சர்க்கரை என்று எழுதியிருந்தது. பையில் பிஸ்கட் பொட்டலமும் குளுக்கோஸ் டப்பாவும் இருந்தன. “இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்று வங்காள மொழியில் சொல்லி அவர் பக்கம் நகர்த்தினேன்.

செயலாளர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார் போலிருக்கிறது. விதி அப்படி இல்லையே என்று மேசைக்கு முன்னால் வந்து கையை நீட்டினார். அந்த அம்மாள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டேன். “வாங்கறதா இருந்தா எழுத்துல கொடுங்க, நீங்கதான் வாங்கச் சொன்னீங்கன்னு” என்றேன். வரிசை முழுக்க நிசப்தம். முகாம் தொடங்குமுன்னே மௌனம் வந்துவிட்டது. இதை நாம் முடிவு செய்ய வேண்டாம், ஆசிரியை சொல்லட்டும் என்று செயலாளர் திரும்பினார்.

எங்கள் மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. முகாமை நடத்தும் ஆசிரியரும் மற்றவர்களோடு வரிசையில் நின்று, தன் கைப்பேசியை அதே மேசையில் ஒப்படைக்க வேண்டும். கணக்கு டீச்சர் நாலு பேர் தள்ளி வரிசையில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மேசைக்கு வந்து கைப்பேசியை வைத்தார், ஒரு புத்தகத்தை வைத்தார்.

“காபார்தாபார் கிச்சு?” என்றேன். சாப்பிடும் பொருள் ஏதாவது உண்டா என்று எல்லோரிடமும் கேட்கும் அதே கேள்விதான். குரலையும் நான் குறைக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். கை கைப்பைக்குள் போய் அங்கேயே நின்றது. வெளியே வந்தபோது அதில் ஒரு கற்கண்டுப் பொட்டலம் இருந்தது. வாயில் முடிச்சுப் போட்ட, பாதி காலியான பொட்டலம். அதை மேசையில் வைக்காமல், செயலாளர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வங்காள மொழியில் சொன்னார். எட்டு வருடமாக இது என் பாய்க்கு அடியில்தான் இருக்கிறது, ஆசிரியர் மேடையிலும்கூட. இது இல்லாமல் நான் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. வாங்குவதாக இருந்தால் முதலில் என்னிடமிருந்து வாங்குங்கள்.

செயலாளர் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பேஹாலா அம்மாள் டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வரிசையில் பின்னால் ஒரு பெண், தன்னிடமும் சாக்லேட் இருக்கிறது, தனக்கும் சர்க்கரைதான் என்று கையைத் தூக்கினாள்.

எனக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது. எட்டு வருடம்! “முன்னாடியே சொல்லியிருக்கலாமே தீதி” என்றேன் தமிழில்.

“சொன்னா வெளிச்சம் போயிடும்னு பயந்தேன்” என்றார். பிறகு குனிந்து, “அதுவும் நிஜம்தான் தீதி” என்றார்.

“நான் இல்லைன்னு ஒரு நாளும் சொல்லலயே” என்றேன்.

பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கைப்பேசி ஒன்று, புத்தகம் ஒன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அவர் பொட்டலத்தை எல்லோரும் பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டே கூடத்துக்குள் போனார்.

இணையதளத்தின் அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் என் பத்தி இல்லை. போன வாரம் செயலாளர் மறுபடி கேட்டிருக்கிறார், கொஞ்சம் மாற்றி அனுப்ப முடியுமா என்று. அனுப்பிவிட்டேன். மூன்று வரி இப்போது நான்காகிவிட்டது. நான்காவது வரி, உதட்டில் வைத்த அந்த விரலைப் பற்றியது.